இரண்டு படகிலும் இல்லை

பெப். 8, ஞாயிறு

என்னைத் தீவில் விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். இதை முதலில் எழுதி வைக்கிறேன். நாளைக்கே வேறு கதை கட்டுவார்கள்.

காலையில் கடல் எண்ணெய் போல. பின்னேரம் வடகிழக்குக் காற்று. இப்போது முழங்கால் வலி, வலது பாதத்தில் சிப்பி கீறிய காயம். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

நடந்தது, நடந்தபடி.

நோன்பு வருமுன் எல்லாரும் சேர்ந்து ஒருநாள் போய் வருவோம் என்று மகன் நிஸாரின் ஏற்பாடு. புத்தளத்திலிருந்து அவன் குடும்பம். கனமூலையிலிருந்து மருமகள் ஃபாயிஸாவின் ஆட்கள். இங்கே கற்பிட்டியிலிருந்து நானும், அடுத்த வளவில் இருக்கும் என் தங்கச்சி ஜெமிலாவும். பத்தலங்குண்டுத் தீவுக்குக் காலையில் போய் மாலையில் வருவது. இரண்டு படகு. ஒன்றில் ஆண்கள், ஒன்றில் பெண்கள். பெண்கள் படகுக்குத் துணையாக வயதான ஆண் ஒருவர். போகும்போது அந்தத் துணை நான்.

வழியில் டொல்பின். பெண்கள் கூச்சல். நான் பார்க்கவில்லை, என் பக்கம் வரவில்லை.

தீவில் பகல் சாப்பாட்டுக்கு முன் எல்லாரும் நடுப்பகல் ளுஹரையும் பின்னேர அஸரையும் சேர்த்துத் தொழுதார்கள். பயணிக்கு அந்தச் சலுகை உண்டு. சரி. ஆனால் காலை போய் மாலை வருவது என்ன பயணம்? கற்பிட்டிக்காரனுக்குப் பத்தலங்குண்டு பயணமா? நான் ளுஹர் மட்டும் தொழுதேன். அஸரை அதன் நேரத்தில் தொழுவேன் என்றேன். ஃபாயிஸாவின் வாப்பா, சம்மந்தி ஹாஜியார், சிரித்தார்.

"சம்மந்திக்கு மட்டும் மார்க்கம் தனியா இறங்கியிருக்கி."

எல்லாரும் சிரித்தார்கள். என் மகனும்.

சாப்பிட்ட பிறகு ஹாஜியார் இன்னொன்று சொன்னார். ஆண்கள் படகின் முன்பக்கம் தூக்கித் தூக்கி அடிக்கிறதாம், முதுகு தாங்காதாம். "திரும்பிப் போகக்குள்ள நான் பொம்புளையள்ற போட்டில வாறன், நீங்க மத்ததில போங்க." நான் ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. சிரித்த மனுஷனுக்கு உடனே பதில் கொடுக்க எனக்கு மனமில்லை.

அஸர் நேரம் வந்தது. ஜெமிலாவிடம் என் குடையைக் கொடுத்தேன். "தொழுதிட்டு வாறன், போட்ட நிப்பாட்டி வையுங்க எண்டு சொல்லு" என்றேன். "ஓம் நானா" என்றாள். மூத்தவன் என்பதால் அவளுக்கு நான் நானா. செருப்பைக் கரையில் கழற்றிவிட்டுப் புதருக்குப் பின்னால் நிழலுக்குப் போனேன்.

மூன்றாம் ரக்அத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. தொழுகையை முறிக்கவில்லை. என்னை விட்டுப் போவார்கள் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

தொழுது முடித்து ஸலாம் கொடுத்துத் திரும்பினால் தண்ணீரில் இரண்டு வெள்ளைக் கோடு.

போன் நிஸாரின் பையில். தண்ணீர் படுமாம், அவன்தான் வாங்கி வைத்தான்.

மீன்பிடிக்காரரின் வாடி ஒன்றில் ஆள் இருந்தது. சிலாபம் பக்கத்து ஆட்கள். ஓலைக் குடிசை, வாசலில் மாதா படம். மர்சலின் என்று பெயர், மனைவி ரீட்டா. சிங்களமும் தமிழும் கலந்த பேச்சு. ரீட்டா என் காலைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"அனே, சீயாவ வித்துட்டுப் போயிட்டாங்க போல."

"விக்கிறதெண்டா வாங்க ஆள் வேணுமே" என்றான் மர்சலின்.

சீயா என்றால் சிங்களத்தில் தாத்தா; "விட்டுட்டு" அவள் நாக்கில் "வித்துட்டு" ஆகியிருந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளேன்ரீ கொடுத்தார்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தார்கள். உட்காரப் பிளாஸ்டிக் கதிரை; வாடியில் இருந்தது அந்த ஒன்றுதான். மர்சலின் மீன் கொடுக்க நாளைக் காலை கற்பிட்டி வர இருந்தவன். எனக்காக இன்றே எஞ்சினை இறக்கினான்.

பொழுது பட்டு, மஃரிபுக்கு ஜெட்டி வந்து சேர்ந்தோம். எல்லாரும் நின்றார்கள். நிஸார் ஓடி வந்தான். அவன் வாயில் வந்த முதல் வார்த்தை:

"வாப்பா, எங்க போனீங்க?"

நான் எங்கே போனேன்? நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். போனது நீங்கள்.

பெப். 9, திங்கள்

காற்று அடங்கவில்லை. குழாயில் தண்ணீர் இல்லை. செருப்பு வந்து சேர்ந்தது, வலது மட்டும்.

எப்படி விட்டார்கள் என்று இன்று விளங்கியது. பெண்கள் படகில் என் குடை இருந்தது, ஹாஜியாரும் ஏறியிருந்தார். ஆகவே நான் இடம் மாறி ஆண்கள் படகில் என்று அவர்கள். ஆண்கள் படகில் என் செருப்பு, யாரோ தூக்கிப் போட்டது. ஆனால் ஆள் இல்லை. ஆகவே இரண்டு கிழவர்களும் பெண்கள் படகில் என்று இவர்கள். குடை ஒரு படகில், செருப்பு ஒரு படகில். நான் இரண்டிலும் இல்லை.

படகுக்காரன் லைஃப் ஜாக்கெட்டை எண்ணியிருக்கிறான். நான் கழுத்தை இறுக்குகிறது என்று என்னுடையதைப் போகும்போதே கழற்றிக் கொடுத்திருந்தேன். பிறகு சத்தமாகக் கேட்டானாம்: "எல்லாரும் வந்தாச்சா?" இரண்டு படகும் ஒரே குரலில் "ஓம்!"

எல்லாரும் வந்தாச்சா என்று கேட்டால், வராதவன் எப்படி "இல்லை" என்று சொல்வான்?

தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்களை விரட்டியபோது, மன்னாரிலிருந்து இந்தக் கரைக்கு வந்த எங்கள் படகில் ஆள் பார்த்தது நான். மழை, இருட்டு, அழுகை. நான் தலை எண்ணவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், பதில் வந்த பிறகே அடுத்த பெயர். ஜெமிலாவின் மடியில் இருந்த குழந்தைக்கும் கூப்பிட்டேன். "இரிக்கா நானா" என்று அவள்தான் அதற்காகச் சொன்னாள். ஒருவரையும் விடவில்லை.

பள்ளிவாசலில் ளுஹருக்குப் பிறகு முடிவெட்டும் கடைக்காரர்: "என்ன காக்கா, வழி மாறிட்டீங்களாமே?"

"யார் சொன்ன?"

"உங்கட மகன் போன்ல சொன்னாராம். இப்ப உங்களுக்கு மறதி கூடவாமே."

அதுதான் கதை. நான் எதிர்பார்த்தது, ஒரு நாளுக்குள்.

மறந்தது அவர்கள். மறதிக்காரன் நான்.

பின்னேரம் நிஸார் போன். நாளை புத்தளத்தில் டொக்டர். அதோடு, நோன்பு தொடங்குமுன் நான் அவன் வீட்டுக்கு வந்துவிட வேண்டுமாம், இங்கே தனியாக வேண்டாமாம். வீட்டுச் சாவியை எடுத்து வரச் சொன்னான்.

சாவி கழுத்து நூலில். அங்கேயே இருக்கும்.

பெப். 10, செவ்வாய்

புத்தளம் பஸ். வெயில். உப்பளம் பக்கம் கண் கூசியது.

டொக்டர் நல்ல பிள்ளை, சிறு வயது. கிழமை கேட்டார், மாதம் கேட்டார், ஊர் கேட்டார். எல்லாம் சொன்னேன். பிறகு மூன்று சொல் சொல்லி, நினைவில் வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் வேறு கதை. பிறகு அந்த மூன்றையும் கேட்டார்.

"வாழைப்பழம். மழை."

"மற்றது?"

வரவில்லை. ஏனென்றால் அந்த நேரம் முழுக்க நிஸார் எனக்குப் பின்னால் நின்று, தீவுக் கதையைத் தன் விதத்தில் டொக்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். "தானாத்தான் நிண்டுட்டார் சேர், யார்ட்டயும் சொல்லாம." அதைக் கேட்பேனா, சொல்லை வைத்திருப்பேனா?

கதிரை. பஸ்ஸில் வரும்போது ஞாபகம் வந்தது. மர்சலின் வாடியில் எனக்குக் கொடுத்த கதிரை.

டொக்டர் சொன்னார்: "இந்த வயதுக்குப் பரவாயில்ல. ஆறு மாதத்தில திரும்பப் பாப்பம்." நிஸாருக்கு "பரவாயில்ல" கேட்கவில்லை. "திரும்பப் பாப்பம்" மட்டும் கேட்டது.

மூன்று சொல்லில் ஒன்றை மறந்தால் அது மறதி. வாப்பாவை மறந்தால் அது அவசரம்.

வாங்கியது: பிளாஸ்டர், கொத்தமல்லி. செருப்பு வாங்கவில்லை. இடது செருப்பைத் தொலைத்தவன் கொண்டுவரட்டும்.

பெப். 11, புதன்

ஜெட்டிக்கு நடந்தேன். குளியலறைச் செருப்போடு. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும்.

படகுக்காரத் தம்பி வெள்ளைக்காரர் நால்வருக்கு ஜாக்கெட் மாட்டிக்கொண்டிருந்தான். முடியும்வரை நின்றேன்.

"ஆளை எண்ணினியா, ஜாக்கெட்டை எண்ணினியா?"

"காக்கா, சத்தம் போடாதீங்க, ஆக்கள் நிக்கிறாங்க. உங்கட மகன்ட கேட்டன். ஓம் எண்டார். நான் வேறென்ன செய்ய?"

"கடலுக்குப் பொறுப்பு நீயா, என் மகனா?"

"கடலுக்கு அல்லாஹ் பொறுப்பு."

"அல்லாஹ் ஜாக்கெட் எண்ணச் சொன்னானா?"

பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த கண்டக்குழி ஆட்கள் சிரித்தார்கள். அவன் முகம் சிவந்தது. ஆனால் பிழை என்று ஒரு வார்த்தை இல்லை. "அடுத்த முறை பாத்துக் கொள்றன்" என்றான். அடுத்த முறையாம். அடுத்த முறை விடுபடுகிறவன் நீந்தப் போன பிள்ளையாக இருந்தால்?

ஒன்று மட்டும் நிச்சயம். நான் சொல்லிவிட்டுத்தான் போனேன். சாட்சி இருக்கிறது. ஞாயிறன்று கோபத்தில் வாய் திறக்கவில்லை. நாளை ஜெமிலாவைக் கூட்டிக்கொண்டு நிஸாரிடம் போவேன். "நானா என்னட்டச் சொன்னவர்" என்று அவள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். டொக்டரும் வேண்டாம், கதிரையும் வேண்டாம்.

பெப். 12, வியாழன்

வானம் மூட்டம். மழை இல்லை.

ஜெமிலாவிடம் போனேன். அடுப்பில் சோறு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. அவள் வாசலில் உட்கார்ந்து கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் அடுப்பை அணைத்தேன்.

சொன்னேன். தீவில் குடையைத் தந்தபோது நான் என்ன சொன்னேன் என்று கேட்டேன்.

"வெயில் எண்டு தந்தீங்க."

"அதோட?"

என் முகத்தையே பார்த்தாள். பிறகு கண் கலங்கிவிட்டது.

"எனக்கு இப்ப சிலது நிக்கிறல்ல நானா. போன கிழமை கபூர்ட கடை வரைக்கும் போய், ஏன் வந்தன் எண்டு தெரியாம நிண்டன். ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல."

நானும் வாசலில் உட்கார்ந்தேன்.

"நீங்க சொல்லியிருப்பீங்க. நான் ஓம் எண்டிருப்பன். இப்ப எல்லாத்துக்கும் ஓம் எண்டுதான் சொல்றன், புடிபடாம இரிக்க." என் கையைப் பிடித்தாள். "நிஸார்ட்டச் சொல்லிராதீங்க. மகளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொழும்புக்குக் கொண்டு போயிருவா. அந்த மாடி வீட்டில நான் என்ன செய்ற? சன்னலால கார் எண்ணவா?"

அந்த மகள்தான் தொண்ணூறில் மடியில் இருந்த குழந்தை.

வீட்டுக்கு வந்தேன். கோபம் இருக்கிறது, குறையவில்லை. வைக்க இடம் மட்டும் தெரியவில்லை.

பெப். 13, வெள்ளி

ஜும்ஆ. குத்பாப் பிரசங்கத்தில் நோன்பு பற்றி. கால் காயம் ஆறி வருகிறது.

தொழுகைக்குப் பிறகு நிஸாரும் ஃபாயிஸாவும் வந்தார்கள். என் உடுப்புக்குப் பை கொண்டு வந்திருந்தார்கள். காலிப் பை. ஜெமிலா கறி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, போகாமல் அலுமாரிப் பக்கம் நின்றாள்.

நிஸார்: "வாப்பா, நான் சண்டைக்கு வரல்ல. நீங்க சொல்லிட்டுத்தான் போன எண்டு ஊரெல்லாம் சொல்றீங்களாம். யார்ட்டச் சொன்ன? ஒரு பேரச் சொல்லுங்க. நான் இப்பவே பைய எடுத்துக்கொண்டு போறன்."

ஜெமிலா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள்.

"காத்துட்டச் சொன்னன்" என்றேன்.

அவன் ஃபாயிஸாவைப் பார்த்தான். பாத்தியா என்கிற பார்வை. அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். என் மறதிக்கும் அது அகப்படாது.

ஆனால் ஃபாயிஸா அவனைப் பார்க்கவில்லை. பையை எடுத்து மடித்தாள்.

"குடைய நான் கண்டன். மாமா எங்க எண்டு வாப்பாட்டக் கேட்டன். மத்த போட்டில எண்டார். நான் நம்பிட்டன். நீங்க உங்கட போட்டில பாத்தீங்களா?"

"போட்காரன் அவசரப்படுத்தினான், காத்து..."

"பாத்தீங்களா, இல்லையா?"

"இல்ல."

"பாக்காமத்தானே ஓம் எண்டு கத்தின. பிறகு எதுக்கு மாமாவை டொக்டர்ட்டக் கொண்டு போன?"

நிஸார் தரையைப் பார்த்தான். மன்னிப்பு இல்லை. பெருநாளுக்குப் பிறகு பேசுவோம் என்றான். சாவியைப் பற்றிப் பேச்சில்லை. கறியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். கறியில் உப்பு இரண்டு தரம் போட்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஃபாயிஸாவும் சொல்லவில்லை, இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டாள்.

இது முடியவில்லை. செய்ய வேண்டியவை:

படகுக்காரன்: ஜாக்கெட்டை எண்ணக் கூடாது. பெயர் கூப்பிட வேண்டும். பதில் வராமல் எஞ்சினைத் தொடக் கூடாது. இதை நான் அவனுக்குத் தினமும் ஜெட்டியில் போய்ச் சொல்வேன்.

ஹாஜியார்: சிரித்ததற்கு ஒன்றும் வேண்டாம். தெரியாமல் "மத்த போட்டில" என்று சொன்னதற்கு என் முன்னால் வர வேண்டும்.

நிஸார்: பள்ளிவாசலில், முடிவெட்டும் கடையில், "வாப்பா வழி மாறவில்லை, நாங்கள் விட்டுவிட்டு வந்தோம்" என்று தன் வாயால் சொல்ல வேண்டும். மர்சலினுக்கு நன்றி சொல்ல வேண்டும், போனில் அல்ல, போய். இடது செருப்பு.

ஃபாயிஸா: ஒன்றும் இல்லை.

நான்: சாவி கழுத்தை விட்டுப் போகக் கூடாது. காலையில் இருமுறை ஜெமிலாவின் அடுப்பைப் பார்க்க வேண்டும், பார்க்க வந்ததாகக் காட்டாமல், நெருப்புப் பெட்டி கேட்க வந்ததாக. பெருநாள் கழிந்து திரும்பவும் தீவுக்குப் போனால் பெயர் கூப்பிடுவது நான், அவளை முதலில்.

ஜெமிலா: "இரிக்கன் நானா" என்று சொல்ல வேண்டும். சொல்லும்வரை நான் ஏறமாட்டேன்.