ஏழாவது மாடியில் பேச்சுச் சத்தம்

திங்கட்கிழமை, காலை

அன்பு மகளுக்கு,

நலமா என்று கேட்கிற உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்டுவிட்டேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. கடிதம் என்றால், பிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற நேரமாவது உன் கையில் இருக்கும்.

நானும் அம்மாவும் சௌக்கியம். படியேறும்போது மட்டும் என் முழங்கால் வயதைச் சொல்கிறது. லிஃப்ட் நின்று நான்கு மாதம் ஆகிறது. யாருக்காகச் சரி செய்வார்கள்? எட்டு மாடி, மாடிக்கு நான்கு வீடு, மொத்தம் முப்பத்திரண்டு. அதில் இப்போது ஆள் இருப்பது இரண்டாவது மாடியில் நம் வீட்டில் மட்டும். பக்கத்துக் கம்பெனி வேறு ஊருக்குப் போனதும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பியது. கடைசியாக நான்காவது மாடி நர்ஸம்மா போன மாதம் போனார். “அந்தக் கம்பெனியை நம்பி வீடு வாங்காதீங்கப்பா, அது போனா கட்டடமே காலி” என்று நீ சொன்னாய். அப்படியே நடந்தது. நீ சொன்னது சரி என்று எழுத எனக்குப் பதினான்கு மாதம் ஆகியிருக்கிறது.

இங்கே எப்படி இருக்கிறது என்று சொல்ல ஒரு உதாரணம் தேடினேன். முழுப்பரீட்சை முடிந்த பள்ளிக்கூடத்தில் நான் தனியாக உட்கார்ந்து நாள் முழுக்கப் பேப்பர் திருத்தியிருக்கிறேன். ஒரு நாளும் பயந்ததில்லை. லீவு முடிந்தால் பிள்ளைகள் வந்துவிடுவார்கள் என்று பெஞ்சுக்கே தெரியும். இங்கே அந்த நிச்சயம் இல்லை. அதுதான் வித்தியாசம்.

வாட்ச்மேனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் அவர் வேலையில் ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். பாத்ரூம் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே குழாய் வளைந்திருக்கும். அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும். அதுதான் சாக்கடை வாடைக்கு மூடி. ஆள் குடியிருந்தால் தானாக நிற்கும். இல்லாவிட்டால் சில வாரத்தில் காய்ந்து, அந்த வீட்டு வாடையும் கரப்பானும் நம் வீட்டுக்கு வரும். அதனால் திங்களும் வியாழனும், அம்மா காய்கறிக் கடைக்குப் போகும் மூன்று மணிக்கு, சாவிக்கொத்தும் குவளையும் வாளியுமாக நான் மாடி ஏறுகிறேன். மாடிக்கு ஒரு பொதுக்குழாய் இருப்பதால் நிறைந்த வாளியைச் சுமக்க வேண்டியதில்லை. “சார், நீங்க வாத்தியார் வேலை பார்த்தப்பகூட இத்தனை கதவைத் தட்டியிருக்க மாட்டீங்க” என்கிறார் வாட்ச்மேன். பேய் இருக்குமா என்று விளையாட்டாகக் கேட்டேன். “லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்கு அது ஏன் சார் வருது” என்றார்.

சிரித்துவிட்டுத்தான் ஏறினேன். ஆனால் உள்ளே போனால் சிரிப்பு தங்குவதில்லை. ஒரு வீட்டில் கொசுவத்தி மெஷின் இன்னும் சுவரில் சிவப்பாக எரிகிறது. எட்டு மாதமாக யாருக்காகவோ. இன்னொரு வீட்டுப் பால்கனியில் ஒரு சட்டை வெயிலில் அட்டை மாதிரி விறைத்துத் தொங்குகிறது. எடுத்து மடித்து வைக்கலாம் என்று கையை நீட்டி, பிறகு விட்டுவிட்டேன். எதற்கும் ஒருமுறை எல்லாக் கதவையும் தட்டிவிட்டே திறக்கிறேன். திறந்ததும் “யாருங்க” என்று யாரும் கேட்காதது எனக்குக் கேட்கிறது.

மீதியைச் சாயங்காலம் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை, சாயங்காலம்

காலையில் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

எல்லா வீட்டிலும் தூசி. போன முறை நான் நடந்த கால் தடம் இந்த முறையும் அப்படியே இருக்கும். ஏழாவது மாடியில், பூட்டு கெட்டுப்போய்ச் சும்மா சாத்தியிருக்கும் வீடு ஒன்று உண்டு. முழங்காலுக்குப் பயந்து அந்த மாடியை இரண்டு வாரமாக விட்டிருந்தேன். இன்று ஆறாவது மாடியை முடித்துவிட்டு அங்கே ஏறும்போது பாதிப் படியிலேயே நின்றுவிட்டேன். மேலே பேச்சுச் சத்தம். பெண் குரல். வார்த்தை புரியவில்லை. கொஞ்சம் பேசுகிறது, நிற்கிறது, மறுபடி பேசுகிறது. நடுவில் சின்னதாக ஒரு சிரிப்பு.

எட்டாம் வகுப்புக்கு வருஷா வருஷம் பேய் இல்லை என்று நிரூபித்தவன் நான். வாளியை அங்கேயே வைத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்து வந்தாள். பை காலி. கடை மூடியிருந்ததாம். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், பயந்துவிடுவாள்.

வியாழக்கிழமை

மூன்று நாளாக உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன், எழுந்தால் மேலே பார்க்கிறேன். இன்று வாட்ச்மேனைத் துணைக்குக் கூப்பிட்டேன். “ஏழு மாடியா? இந்த இடுப்போடயா? அதுக்குப் பேயே தேவலை சார்” என்றார். தனியாகத்தான் போனேன், செருப்பைக் கழற்றிவிட்டு.

கதவு ஒரு விரல் அளவு திறந்திருந்தது. உள்ளே தரை துடைத்திருந்தது. யாரோ விட்டுப்போன பிளாஸ்டிக் நாற்காலியில், ஜன்னலைப் பார்த்தபடி, உன் அம்மா.

“இன்னும் சாப்பிடலையா? மணி என்னடி ஆச்சு” என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். “கால் வலி தேவலையா? ... அதான் சொன்னேன், வெந்நீர் வை.” பிறகு, “அப்பாவா? அவருக்கென்ன, வாளியைத் தூக்கிக்கிட்டு மாடி மாடியா இன்ஸ்பெக்‌ஷன் போயிட்டிருக்காரு” என்று சிரித்தாள். “அவருக்கு வாய்தான்டி அப்படி. நீ மனசுல வெச்சுக்காத. ... சரி, நீ கேட்டேன்னு சொல்றேன்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். நீ பேசத் தொடங்கிவிட்டாய், எனக்குத் தெரியாமல் ஏழாவது மாடிக்கு வந்து அம்மா உன்னிடம் பேசுகிறாள். இருக்கட்டும், நன்றாகப் பேசட்டும் என்று சத்தமில்லாமல் இறங்கினேன். முழங்கால் வலிகூடத் தெரியவில்லை.

வீட்டுக்குள் வந்தால், சாப்பாட்டு மேஜை மேல் அவளுடைய போன் சார்ஜில் கிடந்தது.

நம் வீட்டில் அவளிடம் இருப்பது அந்த ஒரே போன்தான் என்று உனக்குத் தெரியும். எடுத்துப் பார்த்தேன், பல மாதமாக உன் அழைப்பு ஒன்றுகூட அதில் இல்லை.

கொஞ்ச நாளாகவே அவள் வீட்டில் பேசுவது குறைந்துவிட்டது. காபியா, மாத்திரை போட்டீங்களா, அவ்வளவுதான். வயதாகிறது, அதனால்தான் என்று நினைத்தேன். பேச்சு முழுவதையும் மேலே கொண்டுபோய் வைத்திருக்கிறாள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நீ என்னைக் கேட்டதாக அவள் வந்து சொல்வாள் என்று இன்று சாயங்காலம் முழுக்கக் காத்திருந்தேன். போனை மேஜையில் பார்த்த பிறகும் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை.

இந்த வீட்டை வாங்க வேண்டாம் என்று நீ சொன்ன அன்றைக்கு, மாப்பிள்ளை முன்னால், “கல்யாணமாகிப் போனவளுக்கு இந்த வீட்டு விஷயத்துல என்ன பேச்சு” என்றேன். அது தப்பு. கோபத்தில் வந்த வார்த்தை என்றுகூடச் சொல்ல மாட்டேன். யோசித்துத்தான் சொன்னேன், அதனால் இன்னும் பெரிய தப்பு. என் மேல் கோபத்தை எத்தனை வருஷம் வேண்டுமானாலும் வைத்துக்கொள். அம்மா என்ன செய்தாள்?

நாளைக் காலை முதல் வேலையாக இதைத் தபாலில் சேர்க்கிறேன். கிடைத்ததும் நாலு மணிக்கு மேல் அம்மாவைக் கூப்பிடு. அதற்குள் அவள் கீழே வந்துவிடுவாள். டாக்டரிடம் கூட்டிப்போவதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதற்கு முன் அவள் ஒரு முறை உன் குரலைக் கேட்கட்டும்.

பரீட்சைக்கு முன்னால் விடை சொல்லித் தருகிற வழக்கம் எனக்குக் கிடையாது. இந்த ஒரு தடவை தருகிறேன். ரொம்ப நாள் கழித்துப் பேசுகிற மாதிரி பேசாதே. அழாதே. மன்னிப்பு எதுவும் வேண்டாம். அவளைப் பொறுத்தவரை நீ நேற்றும் பேசினாய். கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பாள். தேவலை என்று சொல். வெந்நீர் வைத்தேன் என்று சொல். போனை வைப்பதற்கு முன், உனக்கு முடியுமென்றால், என்னையும் ஒரு வார்த்தை கேள்.

நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். உன் வீட்டில் எப்போதும் ஆள் சத்தம் இருக்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா