அவசரக்குடுக்கையின் பட்டம் பறிப்பு

அன்பு மருமகளே,

நீ இன்னும் கட்டிலைவிட்டு இறங்கக் கூடாதாம். ஆகவே, உன் மகளைக் கதகதப்பாக வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டியருகே நின்று, மூவுலகிலும் தலைசிறந்த உன் தாய்மாமன் எழுதும் அரச மடல் இது.

நாள் நெருங்குமுன்பே உனக்கு வலி வந்ததும், வயிற்றிலிருந்தவளுக்கு ‘அவசரக்குடுக்கை’ என்று பட்டம் சூட்டியவன் நான்தான். உனக்கோ காய்ச்சல்கூட இல்லை. "வலியை நிறுத்தி வீட்டுக்கு அனுப்புங்கம்மா!" என்று டாக்டரிடம் முழங்கினேன்.

"கொஞ்சம் சும்மா இருங்க சார்," என்றவர், உன் பனிக்குடத்து நீரை ஊசியில் எடுத்துச் சோதித்தார். அதில் கிருமி ஒளிந்திருந்தது; வலியை நிறுத்தாமல் அவளைப் பிறக்கவிட்டார். "நிறுத்தியிருந்தா குழந்தை உள்ளயே கிருமியோட மாட்டியிருக்கும்," என்றார். என் வாய் தானாக மூடிய உலக அதிசயம் அப்போதுதான் நடந்தது.

இப்போது உங்கள் இருவருக்கும் கிருமியைக் கொல்லும் மருந்து ஏறுகிறது. குழந்தை தானாகவே மூச்சுவிடுகிறாள் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார். அவள் அவசரப்படவில்லையம்மா. வீட்டுக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று உள்ளிருந்து கதவைத் தட்டியிருக்கிறாள். பட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து,
உன் தாய்மாமன்