ஒரு முழத் தூரம்

3.3.1974, ஞாயிறு

பேக்கரியில் பாண் கியூவில் நின்றுவிட்டு வந்த அண்ணன், பாணை மேசையில் வைத்த கையோடு சொல்கிறார்: பதினேழாம் திகதி சீனன்குடா மைதானத்தில் நான் கோல்ஃப் ஆடுகிறேனாம். கிளப்காரருக்கு வாக்குக் கொடுத்தாயிற்றாம். எதிரில் ஆடப்போகிறவள் இந்த வருஷம் கொழும்பில் வென்ற திருமதி பார்த்தலட்.

"மலாயாவில சம்பளத்துக்கு ஆடின பொம்பிளை எங்கட வீட்டில இருக்கேக்க, வேற ஆரைக் கேக்கிறது?"

என்னைக் கேட்டிருக்கலாம்.

5.3.74

அப்பா அந்த மைதானத்தில் புல் வெட்டினவர். துரைசாணிமாரின் மட்டைப் பையைத் தூக்கித் திரிந்துதான் நான் பழகினேன். பிறகு அக்கா குடும்பத்தோடு மலாயா. ஈப்போ கிளப்பில் பெண்களுக்குப் பழக்கிச் சம்பளம், ஊர் ஊராய்ப் போய்ப் பரிசுக் காசுக்குப் போட்டி. அங்கேயே இருபது வருஷம் ஓடிவிட்டது.

படுக்கையில் கிடந்த அப்பாவுக்காக எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்த மகள் நான். அண்ணன் தான் வேலை செய்யும் துறைமுகக் கந்தோர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கும் கதை அது. அப்பா போயும் ஒரு வருஷமாகிறது, கதை மட்டும் நல்ல சுகமாக இருக்கிறது.

உண்மை வேறு. ஈப்போவில் கடைசி வருஷம், குழிக்கு ஒரு முழம் தள்ளிக் கிடக்கும் பந்தைத் தட்டப் போனால் என் வலது கை தானாக ஒரு துடி துடிக்கும். பந்து குழியைத் தாண்டி ஓடிவிடும். தூர அடிக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தைப்பிள்ளைகூடத் தட்டி விழுத்தும் பந்தில்தான் இந்தக் கூத்து.

ஏன்? கொழும்பு டொக்டர் நரம்பு என்றார். கந்தளாய்ப் பரியாரி வாதம் என்று எண்ணெய் தந்தார். காளி கோயிலில் நேர்ந்தும் வைத்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பதினேழாம் திகதி ஊர் கூடி நிற்கும்போது இந்தக் கை துடித்தால்? அண்ணனின் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

8.3.74

எங்களுக்குத் தைக்கிற ரபீக்கா சட்டைக்கு அளவெடுக்க வந்தாள். கிண்ணியாவில் படகுக்குக் காத்துநின்ற அலுப்போடு வந்தவளிடம், தேத்தண்ணி ஊற்றுவதற்கு முதலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இதுவரை எவரிடமும் சொல்லாதது. அவளிடம் ஏன் சொன்னேன் என்றும் தெரியவில்லை.

அவள் ஊசியையும் நூலையும் நீட்டினாள். முதல் தடவையிலேயே கோத்துவிட்டேன்.

"கைக்கு ஒண்டுமில்ல. அது ஆரையோ கண்டு பயப்புடுது" என்றாள்.

ஆரைக் கண்டு?

10.3.74

முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டையைக் குழியாகப் புதைத்து வைத்துப் பந்தைத் தட்டினேன். தனியே நின்றால் போகிறது. அண்ணன் பெண்சாதி, மச்சாள், உடுப்புக் காயப்போட வந்தாள். போகவில்லை. மச்சாளைக் கண்டா பயம்? அந்த மனிசி கோழியைக்கூட அதட்டாது.

14.3.74

ஆடவில்லை என்று சொல்லத்தான் எழும்பி வந்தேன். அண்ணன் விறாந்தையில் இருந்து என் பழைய மட்டைகளுக்குத் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

17.3.74, ஞாயிறு

வென்றேன். வென்றேனா?

ஒன்பது குழி ஆட்டம். தூர அடி எல்லாம் பழையபடி. மூன்றாம் குழியில் ஒரு முழப் பந்து தவறியது. 'காத்து, காத்து' என்று அண்ணன் எல்லாருக்கும் சொன்னார். ஒரு இலைகூட ஆடவில்லை.

கடைசிக் குழிக்கு வரும்போது இரண்டு பேரும் சமன். அவள் தன் பந்தை முடித்துவிட்டாள். என் பந்து குழிக்கு ஒரு முழத்தில். அது விழுந்தால் ஆட்டம் எனக்கு. குனிந்தேன். மணிக்கட்டில் அது தொடங்கிவிட்டது, எனக்குத் தெரிகிறது. அந்த நேரம் பார்த்து பார்த்தலட் வந்து என் பந்தைக் குனிந்து எடுத்து என் கையில் தந்தாள். "குடுத்தாச்சு" என்றாள்.

எதிராளி அப்படிக் கொடுத்தால் பந்து விழுந்த கணக்கு. வேண்டாம் என்று மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. மாலை போட்டார்கள். அண்ணன் அழுதார்.

18.3.74

என்ன நினைச்சுக் குடுத்தவள்? கிழவி பாவம் எண்டோ? நாப்பத்தாறு வயசு கிழவியோ? அல்லது பெரிய மனசு காட்டினவளோ? ஆர் கேட்டது அவளிட்ட? அடிச்சிருந்தா போயிருக்கும்... போயிருக்காது. இனி எனக்கு எப்பிடித் தெரியும்?

மாலையைத் தூக்கி மாட்டுக்குப் போட்டேன்.

19.3.74

பின்னேரம் பார்த்தலட் வந்தாள், ரெயிலுக்குப் போகிற வழியில். மட்டக்களப்பில் தலைமுறையாக இருக்கும் பறங்கிக் குடும்பமாம், எங்களைப் போலத்தான் கதைக்கிறாள். நான் முகம் கொடுக்கவில்லை.

"அக்கா, நீங்கள் ஏன் ஆட்டத்தை விட்டனீங்கள்?"

அப்பாவுக்குச் சுகமில்லாமல் என்று வழமையான பாட்டைத் தொடங்கினேன். அவள் விடவில்லை.

"போன வருஷம் தொடக்கம் என்ர கை துடிக்குது. கிட்டக் கிடக்கிற பந்துக்கு மட்டும். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. அண்டைக்கு நீங்கள் குனிஞ்சு நிக்க உங்கட மணிக்கட்டைக் கண்டனான். எனக்குப் பாக்க ஏலாமப் போச்சு."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. என் கை மட்டும்தான் இப்படி என்று இத்தனை நாளும் இருந்திருக்கிறேனே.

"இது நிக்குமோ அக்கா?"

தெரியாது என்றேன். வேறு என்ன சொல்ல? மட்டையை எடுத்துக்கொண்டு அவளை முற்றத்துக்குக் கூட்டிப்போனேன். மச்சாள் கொடியில் உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். எடுக்கட்டும் என்று விட்டேன். நான் தட்டினேன், போகவில்லை. அவள் தட்டினாள், அதுவும் போகவில்லை. மாறி மாறித் தட்டினோம். ஒன்றிரண்டு விழுந்தது. ரெயிலை விட்டுவிட்டாள்.

கந்தோரால் வந்த அண்ணன் சைக்கிளோடு படலையில் நின்றதை நான் காணவில்லை. என் பந்து சிரட்டையைத் தாண்டி அவர் காலடிக்கு ஓடியது.

"காத்து" என்றார்.

"காத்தில்லை அண்ணை. என்ர கை. அதுதான் மலாயாவை விட்டு வந்தனான்."

 அவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு வந்து, சிரட்டையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தார்.