நல்ல நாவல்பழம் எங்கே போனது?

என் அன்புக்கும், அதைவிட அதிகமாக என் சந்தேகத்துக்கும் உரிய மதினிக்கு,

சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். தென்காசித் தெருவெல்லாம் ஈரத் தலையோடு ஜனம் போகிறது. நீங்கள் இல்லாத முதல் சீசன் இது. நாவல்பழக் கூடைகளும் வந்துவிட்டன. கூடையைப் பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, பழைய சந்தேகம்தான் வந்தது. நான் அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியுமே.

நீங்கள் இருக்கும்போதே கேட்டிருக்கலாம். கேட்டால் சண்டை வரும், அண்ணன் நடுவில் கிடந்து தவிப்பார் என்று விட்டுவிட்டேன். இப்போது கேட்கிறேன். கூடை நிறைய வாங்குவீர்களே, அதில் கருகருவென்று பழுத்த பழமெல்லாம் எங்கே போனது?

செங்கோட்டை மலையாளச் சீமையிலிருந்து பிரிந்து நம் ஜில்லாவோடு சேர்வதற்கு முந்தின வருஷம் அங்கிருந்து கல்யாணமாகி வந்தீர்கள். உங்கள் அப்பா மலைத்தோட்டத்து வெள்ளைக்காரர் பங்களாவில் சமையல் பார்த்தவர். அங்கே கற்ற காப்ளர் என்ற பலகாரத்தைச் சீதனம் மாதிரி கொண்டுவந்தீர்கள். பழத்தைக் கொட்டை நீக்கி, சீனி சேர்த்துச் சட்டியில் பரப்ப வேண்டும். மேலே வெண்ணெய் போட்டுப் பிசைந்த மைதா மாவை அள்ளி அள்ளி வைத்து, மூடியின் மேலும் தேங்காய்ச் சிரட்டைக் கனல் போட்டு வேகவிட வேண்டும். அண்ணன் அதற்கு மூடிப் பணியாரம் என்று பேர் வைத்தார். தெருமுனை வரை மணக்கும். ஆனால் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் செய்வீர்கள். சாரல் காற்றில் கனல் பறக்கும் என்பீர்கள். இருக்கலாம்.

ஒரு நாள் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். சட்டிக்குள் போனது அத்தனையும் பாதி சிவந்து பாதி பச்சையாக இருந்த செங்காய்கள். எங்களுக்குப் புளிக்கிற காய், நல்ல பழம் யாருக்கு? அங்கேதான் எனக்கு உங்கள் தம்பி மேல் கண் விழுந்தது. சனிக்கிழமைதோறும் செங்கோட்டையிலிருந்து ரயிலேறி வந்து அருவியில் குளிப்பார். நம் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பை கனக்கக் கனக்கத் திரும்பிப் போவார். போகிறபோது நீங்கள் இருவரும் மலையாளத்தில் நாலு வார்த்தை பேசிக்கொள்வீர்கள். எனக்குப் புரியக் கூடாது என்றுதானே?

ஒருமுறை அந்தப் பையைத் திறந்தே பார்த்தேன். குளித்த ஈர வேட்டியும் துண்டும் இருந்தன. பழத்தை வேட்டிக்குள் சுருட்டி வைத்திருப்பார் என்று நினைத்தேன். உதறிப் பார்ப்பதற்குள் அவர் வந்துவிட்டார்.

நான் உங்கள் கையால் எதையும் வாங்கித் தின்றதில்லை; சோற்றைக்கூட நானே போட்டுக்கொள்வேன். அதற்கும் காரணம் உண்டு. வந்த புதிதில், யாருக்கும் வைப்பதற்கு முன்னால் ஒரு தட்டு நிறையப் பழத்தை என்னிடம் நீட்டினீர்கள். அம்மா போன பிறகு அந்த அடுக்களைச் சாவி என்னிடம்தான் இருந்தது. அது உங்கள் கைக்கு மாறிய வாரம் அது.

"எல்லாருக்கும் வச்சாச்சா? எனக்கு மட்டும் என்ன மொதப் பங்கு?" என்று தட்டைத் தள்ளிவிட்டேன். காரணம் இல்லாமல் யாராவது முதல் பங்கைத் தருவார்களா?

அந்த வீட்டில் என்னை நினைத்துப் பார்த்தவர் அண்ணன் ஒருவர்தான். சீசன் நாட்களில் நான் பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து வரும்போது ஜன்னல் கட்டையில் ஒரு தேக்கிலைப் பொதி இருக்கும். உப்பில் குலுக்கிய நாவல்பழம், ஒன்றுகூட அடிபட்டிருக்காது. ரயில்வே ஆபீஸிலிருந்து வரும் வழியில் அண்ணன் வாங்கி வைப்பது. கூடப்பிறந்த பாசம் வந்தவளுக்கு வருமா என்று நினைத்துக்கொண்டே நாக்கு நீலமாகும்வரை தின்பேன்.

இப்போது எஸ்தர் விஷயம். நீங்கள் போனதிலிருந்து உங்கள் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. போன வாரம் தானாக வந்து, "அத்தை, மூடிப் பணியாரம் செஞ்சு தாறீங்களா?" என்றாள். இத்தனை நாளில் பிள்ளை வாய்திறந்து கேட்டது அது ஒன்றுதான். சரியாக வராவிட்டால் இனி என்னிடம் எதையுமே கேட்கமாட்டாள் என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

நான் உங்களைப் போலக் கஞ்சத்தனம் பண்ணவில்லை. கருத்த பழமாகப் பொறுக்கிப் போட்டேன். மூடியைத் திறந்தால் எல்லாம் தண்ணீராகி, மாவு அதில் ஊறிக் களியாகக் கிடந்தது. எஸ்தர் ஒரு வாய் வைத்துவிட்டு ஸ்பூனைக் கீழே போட்டாள். எனக்கு உங்கள் மேல்தான் ஆத்திரம் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு பக்குவம் சொன்னீர்களே, ஏதோ ஒரு சாமானை ஒளித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறீர்கள்!

"உங்கம்மா வேற என்னட்டி போடுவா? மறைக்காம சொல்லு."

"வேற ஒண்ணும் போடமாட்டா. நீங்க கருப்புப் பழத்தப் போட்டுட்டீங்க. அது கரைஞ்சு போவும். செங்காயத்தான் போடுவா."

"அப்போ கருப்பெல்லாம் எங்க போச்சு?"

பிள்ளை என்னை விநோதமாகப் பார்த்தாள். "அதத்தான் ஒங்களுக்கு உப்புப் போட்டு, இலையில பொதிஞ்சு வைப்பால்லா?"

நேரே அண்ணனிடம் போய்க் கேட்டேன். அண்ணன் பேப்பரை இறக்கவே இல்லை.

"நான் எங்கட்டி வாங்குனேன்? எனக்கு நல்ல பழம் பாத்து வாங்கவா தெரியும்? எல்லாம் அவ வச்சதுதான். 'நான்னு தெரிஞ்சா அவ தொடமாட்டா, நீங்க வாங்குனதாவே இருக்கட்டும்'ன்னுட்டா. நானும் இருந்துட்டேன்."

மதினி, ஏன் இப்படிச் செய்தீர்கள்? ஒரு தடவையாவது முகத்துக்கு நேரே சொல்லிச் சண்டை போட்டிருக்கக் கூடாதா? அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. வெட்கம் பார்க்காமல் உங்கள் அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன்.

சந்தேகம் மட்டும் தீரவில்லை, கூடிவிட்டது. நான் வேலைக்குப் போன முதல் மழைக்கு அண்ணன் கொடுத்த கருப்புக் குடையை எடுத்துப் போய், "இது யாரு வாங்குனது?" என்று கேட்டேன். அண்ணன் சாரல் விட்டிருக்கிறதா என்று பார்க்க வாசலுக்குப் போய்விட்டார். வீட்டில் ஒவ்வொரு சாமானையும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் எதெது உங்கள் கை?

மறுநாள் செங்காயில் செய்தேன். எஸ்தர் சட்டியை வழித்துத் தின்றாள். தின்றுகொண்டே, "அம்மா இன்னும் கொஞ்சம் முறுகவிடுவா" என்றாள். அம்மா என்ற வார்த்தை அவள் வாயில் வந்துவிட்டது.

கருத்த பழத்தை உப்பில் குலுக்கி, தேக்கிலையில் பொதிந்து, அவள் ஜன்னலில் வைத்தேன். யார் வைத்தது என்று கேட்டாள். "உங்கம்மா" என்றேன். அவள் நம்பவில்லை. என் கையில் வளர்கிற பிள்ளை, எப்படி நம்புவாள்? நம்பாவிட்டாலும் பரவாயில்லை. நீங்கள் அண்ணன் பேரில் வைத்தீர்கள். என் கை நடமாடும்வரை ஒவ்வொரு சீசனுக்கும் நான் உங்கள் பேரில் வைப்பேன்.

உங்கள் கையால் தின்னமாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே உங்கள் கையால் தின்று வளர்ந்த நாத்தனார்,
கிரேஸ்