நீ கரை சேர்த்த பிராங்க்ளின்

கோட்டைப்பட்டினம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் சுடர்விழிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் ஆக்லாந்துக் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வாய்தான் இல்லை, கடைத்தெருவில் ஜாங்கிரி தின்றுவிட்டு வந்து ஒன்றும் தெரியாதவர் மாதிரி பேப்பர் படிக்கிறார். உன் தம்பி கார்முகில் அரிமளத்துக்கு மாற்றலாகி அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிவிட்டான். போனில் சொன்னால் பாதியில் குறுக்கே பேசுவாய், அதனால்தான் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன், ஒரு வரி விடாமல் படி.

என் தொடர்கதையைத்தான் சொல்கிறேன். நான் பேப்பரில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புவேன், நீ டைப் அடித்து என் பெயரில் ஆப்பில் போடுவாய், இதுதானே நம் ஏற்பாடு. கடைசி அத்தியாயத்தில் கடலுக்குப் போன பிராங்க்ளின் திரும்பவில்லை, அவன் பெண்டாட்டி அவன் சட்டையையும் கைலியையும் பெட்டியில் வைத்து அடக்கம் செய்துவிட்டு மறுநாளே கருவாட்டுக் கூடையோடு சந்தைக்குப் போகிறாள், முற்றும் என்று எழுதி அனுப்பினேன். நீ என்ன போட்டிருக்கிறாய்? அவன் நினைவு தப்பி யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் கிடந்தானாம், யாரோ பாடிய பாட்டைக் கேட்டதும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டதாம், தொடருமாம்! கேட்டால், வாசகர்கள் விடமாட்டேங்கிறாங்கம்மா, நல்லா ஓடுறத யாராச்சும் நிறுத்துவாங்களா என்கிறாய். ஏன்டி, எங்கே நிறுத்த வேண்டும் என்று எழுதுகிறவளுக்குத் தெரியாதா? அந்தப் பெண் கூடையைத் தூக்கிவிட்டாள், இனி அவளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அதற்கு மேல் இழுத்தால் ஜவ்வு. என் பெயரைப் போட்டு நீ எழுதியதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதையும் பொறுத்திருப்பேன். நமக்கு மீன் கொடுக்கிற இன்னாசியம்மாளை உனக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் சூசை போன படகு மட்டும் கரை ஒதுங்கியது, அவர் கிடைக்கவில்லை. அவளை வைத்துத்தான் எழுதினேன், அது அவளுக்கும் தெரியும். அவளுக்குப் படிக்க வராது, மீன் கொண்டுவரும்போது நான்தான் வாசித்துக் காட்டுவேன். உடம்பில்லாமல் அடக்கப் பூசை வைக்க முடியாது என்று சாமியாரிடமும் பெற்ற பிள்ளைகளிடமும் பிடிவாதம் பிடித்தவள், என் கடைசி அத்தியாயத்தைக் கேட்டு நெடுநேரம் அழுதுவிட்டு, நானும் பூச வச்சுர்றேன் டீச்சர், எத்தன நாளைக்குத்தான் இந்தச் சட்டையக் கட்டிக்கிட்டு அழுகறது என்றாள். போய் நாளும் குறித்துவிட்டாள். அதற்குள் நீ எழுதியதை அவள் மருமகள் போனில் படித்துக் காட்டியிருக்கிறாள். உடனே இன்னாசியம்மாள் பூசை வேண்டாமென்று சாமியாரிடம் சொல்லிவிட்டாள். இப்போது மீன் விற்கப் போவதில்லை, எந்தப் படகு கரைக்கு வந்தாலும் விழுந்தடித்து ஓடுகிறாள். அவள் மகன் என்னைப் பார்த்தால் அங்கிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான். இந்த ஊரில் இத்தனை வருஷம் பாடம் நடத்தி எனக்கு இது தேவைதானா சொல்.

நேற்று அவள் வீட்டுக்கே போய், அது நான் எழுதியது இல்லை, என் மகள் இட்டுக்கட்டியது, என் கதையில் அவன் வரவே இல்லை என்று சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். ஒங்களுக்குத் தெரியல டீச்சர், பாப்பா வெளிநாட்டுல இருக்குல்ல, அதுக்குச் சேதி வந்திருக்கு, நேரா சொன்னா நான் தாங்க மாட்டேன்னு கதையில வச்சு எழுதியிருக்கு என்கிறாள். உன் நம்பரைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறைவும் இல்லாமல் நீண்ட நாள் சேர்ந்து வாழ வேண்டும், இந்தக் கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். நான் எழுதிய கடைசி அத்தியாயத்தை இன்றைக்கே போடு. இன்னாசியம்மாள் கூப்பிடுவாள், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்பாள். சூசை செத்துப்போய்விட்டார் என்று நீயே உன் வாயால் அவளிடம் சொல்.

மனம் ஆறாத,
உன் அம்மா செவந்தி