கிழங்கான் வாய்க்கு ஏற்ற முள்

சேசு மரி சூசை துணை

சாந்தோம், சென்னை-4
17.3.1996, ஞாயிறு

அன்பு மகன் ஃபிரெட்ரிக்குக்கு, அம்மாவும் அப்பாவும் சொல்லச் சொல்ல, தங்கை ஜொவிட்டா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லாரும் சுகமாக இருக்கிறோம், மஸ்கட்டில் உன் உடம்புக்கும் வேலைக்கும் ஒரு குறையும் இல்லை என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அம்மாவுக்குத் தூக்கம் வரும். அப்பாவின் வலது பெருவிரலில் கட்டுப் போட்டிருக்கிறது, பயப்படாதே, தூண்டில் முள் குத்தியதுதான், ஊசி போட்டாயிற்று. அதனால்தான் பேனா என் கைக்கு வந்தது. அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே சொல்கிறாள், ஆனால் அவள் சொல்வதை மட்டும் எழுதினால் ஏ.சி. அறையில் ஈரத்தலையோடு படுக்காதே, டப்பா மீன் தின்னாதே, பூசையைத் தவறவிடாதே என்பதோடு கடிதம் முடிந்துவிடும், ஆகவே நடந்ததை நடந்தபடி எழுத உத்தரவு வாங்கியிருக்கிறேன். இது உன் கல்யாண விஷயம் அண்ணா, ஒரு வரியும் விடாமல் படி.

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய தூண்டில் கோலும் சக்கரமும் வந்ததிலிருந்து அப்பா வேறு ஆளாகிவிட்டார். தந்தி ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆன பிறகு பேப்பரைக் காணாமற்போனவர் விளம்பரம் வரைக்கும் படித்துக்கொண்டிருந்தவர், இப்போது சாயங்காலமானால் கோயிலுக்குப் பின்னால் கடற்கரையில்தான் இருக்கிறார். கோலோடு நீ ஒரு பாக்கெட் முள்ளும் அனுப்பியிருந்தாயே, ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம். அப்பா அதை எல்லாரிடமும் காட்டி, இந்த முள்ளில் வருகிற மீன் வாசற்படியில் நுழையாது என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தத் தெம்பில் சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு பங்குச் சாமியார் முன்னாலேயே ஒரு நேர்ச்சை செய்துவிட்டார், இந்தத் தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமைகளில் தன் கையால் பிடித்த மீன் தவிர வேறு மீன் நம் வீட்டுக்குள் வராது என்று. சாமியார் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

முதல் வெள்ளி ரசம், அடுத்த வெள்ளி முருங்கைக்கீரை, அதற்கடுத்த வெள்ளி ரசமும் முருங்கைக்கீரையும். மீன் இல்லாமல் இல்லை, கோல் நுனி துடிக்கும், அப்பா சுற்றுவார், வெறும் முள் வரும், இரையாகக் குத்திய இறாலை மட்டும் யாரோ நாசூக்காகத் தின்றுவிட்டுப் போயிருப்பார்கள். இறால் வாங்கிக் கொடுத்துக் கொடுத்து அம்மாவுக்கு அலுத்துவிட்டது, உங்க அப்பா நோன்பு இருக்கிறார், கடல் மீனெல்லாம் கறி விருந்து சாப்பிடுது என்றாள். அப்போதுதான் அத்தை கொண்டுவந்த சம்பந்தம் அசைந்தது. அசோக் நகர் பொனிஃபாஸ், பேங்க் மேனேஜர், அவர் மகள் மர்சலின், பள்ளிக்கூட டீச்சர், போட்டோ பார்த்து நீயும் சரி என்று எழுதியிருந்தாயே, அவர்கள்தான். உன் போட்டோ அவர்களுக்குப் பிடித்துவிட்டது, வீட்டைப் பார்த்துவிட்டு முடிவு சொல்கிறோம் என்று ஆள் அனுப்பினார்கள், அதுவும் நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவதாக. தவக்கால வெள்ளி, கறி ஆகாது, மீனும் இல்லை என்றால் வேறு என்ன போடுவது, ஏங்க, பையன் வாழ்க்கையை முருங்கைக்கீரையில் முடிக்கப் போறீங்களா என்று அம்மா கேட்டாள். நேர்ச்சை நேர்ச்சைதான் என்றார் அப்பா, ஆனால் அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

எனக்கு உன் கல்யாணம் ரசத்தில் போய்விடுமோ என்று ஒரே கவலை. பள்ளி நூலகத்தில் மீன்பிடிப்பு பற்றி ஒரு தடிமனான ஆங்கிலப் புத்தகம் யாரும் தொடாமல் இருந்தது, அதை எடுத்து வந்தேன். அதில் முள்ளின் நம்பர் விஷயம் வேடிக்கையாக இருக்கிறது அண்ணா, நம்பர் ஏற ஏற முள் சிறுக்கும், பத்தாம் நம்பர் எட்டாம் நம்பரைவிடச் சின்னது. ஆனால் நம்பருக்குப் பக்கத்தில் ஒரு கோடும் சைபரும் இருந்தால் எல்லாம் தலைகீழ், நம்பர் ஏற ஏற முள்ளும் பெருக்கும். நீ அனுப்பிய பாக்கெட்டில் ஏழு, கோடு, சைபர். அது படகில் போய்ச் சுறா பிடிப்பவர்களுக்காம், கடைக்காரன் கொடுத்ததை அப்படியே வாங்கினாயா? எந்த மீன் வேண்டும் என்று ஆசைப்பட்டு முள் வாங்கக் கூடாது, கரையோரம் எந்த மீன் மேய வருகிறதோ அதன் வாயைப் பார்த்து வாங்கு என்று அந்தப் புத்தகத்தில் இருந்தது. சரி, வாயைப் பார்த்துவிடுவோம் என்று வியாழக்கிழமை பள்ளி விட்டதும் உன் பெரிய முள் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நொச்சிக்குப்பம் ரோட்டோர மீன் கடைகளுக்குப் போனேன். நமக்கு வழக்கமாக மீன் கொடுக்கிற சுப்பம்மா கூடையில் ஒவ்வொரு மீனாக வாயைத் திறந்து முள்ளை வைத்துப் பார்த்தேன். இன்னா பாப்பா, மீன் வாங்க வந்தியா, அதுக்குப் பல்லு பாக்க வந்தியா என்றாள் சுப்பம்மா. நான் நிறுத்தவில்லை. ஒரு கொடுவா வாய்க்குள் எட்டிப் பார்த்தபோது, இன்னாத்த அப்டி பாத்துக்கினு கீற, உள்ள உங்க நைனா கீறாரா என்று கேட்டாள், பக்கத்துக் கடைகளெல்லாம் சிரித்தன, எனக்குக் காது சிவந்துவிட்டது. ஆனால் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். கரையில் நின்று எறிகிற தூரத்தில் அதிகம் மேய்வது கிழங்கான், சாண் நீளம், மணல் நிறம், அதன் வாயில் என் பென்சில் முனைதான் நுழைந்தது. நம் முள்ளோ அதன் தலையைவிட நீளம்! ஒரு கிழங்கானும், அங்கேயே வலைநூல் விற்கிற கடையில் எட்டாம் நம்பரில் கால், அதாவது நூல் கட்டுகிற தண்டு, நீண்ட மெல்லிய முள் கொஞ்சமும் வாங்கினேன், கால் நீளமாக இருந்தால் மீன் விழுங்கினாலும் கழற்றுவது சுலபம்.

வியாழக்கிழமை மீன் வீட்டுக்குள் வரத் தடையில்லை, ஆகவே கிழங்கானைத் தட்டில் வைத்து அப்பா முன்னால் வைத்தேன், பக்கத்தில் இரண்டு முள்ளும். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய முள்ளை நேராக, சாய்வாக, கீழிருந்து மேலாக எல்லாம் நுழைத்துப் பார்த்தார். பிறகு சின்ன முள்ளை எடுத்தார், அது சட்டைப் பொத்தான் போலச் சரியாகப் போய் உட்கார்ந்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கிழங்கான் பிடிக்கவா ஃபிரெட்டி இவ்வளவு செலவு செய்து கோல் அனுப்பினான், கேட்டால் என்ன நினைப்பான் என்றார். நீ வருத்தப்படுவாய் என்றுதான் அவர் அந்த முள்ளை மாற்றவே இல்லை அண்ணா, அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் கல்யாணம் நடந்தால் சந்தோஷப்படுவான் என்றேன். உடனே நூலை எடுத்துக் கட்ட ஆரம்பித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாலரைக்கெல்லாம் நாங்கள் கரையில். முதல் வீச்சிலேயே கோல் நுனி படபடவென்று தட்டியது, அப்பா சுற்றினார், அந்தரத்தில் வெள்ளியாக ஒரு கிழங்கான்! அப்பா ஸ்தோத்திரம் என்று கத்தியதில் நண்டெல்லாம் வளைக்குள் ஓடின. அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தது, வாளி நிறையப் போகிற நேரத்தில் பின்னால் ஒரு குரல், சார், இவ்வளவு சின்ன முள்ளைப் போட்டா இப்படிச் சின்ன மீன்தான் வரும், கொஞ்சம் பெரிசா போட்டுப் பாருங்க என்று. பாலிஷ் போட்ட ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெரியவர், அவர் மனைவி, பக்கத்தில் ஒரு பெண். போட்டோவில் பார்த்த அதே மர்சலின்! சீக்கிரம் வந்துவிட்டதால் கோயிலைப் பார்த்துவிட்டுக் காற்று வாங்க வந்திருக்கிறார்கள். கண்ணெல்லாம் கோல் நுனியில் இருந்த அப்பாவுக்கு அவர்கள் யாரென்று தெரியவில்லை, முந்தின நாள்வரை தானும் அதையே சொல்லிக்கொண்டிருந்தவர், சார், பெரிய முள்ளைப் போட்டா பெரிய மீன் வரும்ங்கறது, பெரிய தட்டு வெச்சா நிறைய சோறு வரும்ங்கற மாதிரி இருக்கு, மீனோட வாயை என்னைக்காவது பார்த்திருக்கீங்களா என்று பிடித்துக்கொண்டார். நான் சட்டையை இழுத்தேன், சும்மா இரு என்றார். மர்சலின் என் முகத்தையே பார்த்தாள், உன் போட்டோ மூக்கும் என் மூக்கும் ஒன்று என்று கண்டுபிடித்துவிட்டாள் போல, உதட்டில் விரலை வைத்துப் பேசாதே என்று ஜாடை காட்டினாள். சிரிப்பை அடக்கி அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பெரியவர் கோலை வாங்கினார், ஒன்று பிடித்தார், யாரிடமும் சுலபத்தில் சிரிக்காத மனிதர் என்று அத்தை சொன்னாளே, அவர் முழங்கால் நனைய நின்று இன்னொரு தடவை என்று கேட்டார். அந்த மீனைக் கழற்றும் அவசரத்தில்தான் அப்பா விரலில் முள் ஏறியது. கடைசியில் அப்பா, மன்னிச்சுக்கங்க சார், வீட்டுக்கு ஒரு பெரிய மனுஷர் வர்றார், பொனிஃபாஸ்னு பேர், அவருக்காகத்தான் இதெல்லாம் என்று சொன்னபோது பெரியவர் தன் நனைந்த பேண்டைப் பார்த்துக்கொண்டார். அது நான்தான் என்றார்.

எல்லாரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தோம், வாசலில் ஒரு சிக்கல். அப்பா வாளியிலிருந்து ஒரு மீனைத் தனியாக எடுத்து, தயவுசெய்து தப்பா நினைக்காதீங்க, இது நீங்க பிடிச்சது, என் நேர்ச்சைப்படி இது உள்ளே வரக்கூடாது என்றார். பொனிஃபாஸ் ஐயா முகம் விழுந்துவிட்டது, அன்றைக்கு அவர் பிடித்தது அது ஒன்றுதான். அவர் மனைவி சுவரைப் பார்த்தார். கதவைத் திறந்த அம்மா எல்லாவற்றையும் ஒரு நிமிஷம் கேட்டுக்கொண்டு, சம்பந்தி கையும் நம்ம கைதாங்க, உள்ளே கொண்டு வாங்க என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள், இன்னும் யாரும் சரி என்று சொல்லவே இல்லையே! பொனிஃபாஸ் ஐயா அந்த மீனை வாலைப் பிடித்து வாங்கி, அப்போ சம்பந்தியம்மா, இதைத் தனியா வறுங்க, நான் பிடிச்சது எதுன்னு எனக்குத் தெரியணும் என்று சொல்லிக்கொண்டே படியேறினார்.

அம்மா மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் தடவி வறுத்தாள், ஒரு முள் மிச்சமில்லாமல் எல்லாரும் சாப்பிட்டார்கள். அடுத்த வெள்ளிக்கு இறால் தன் செலவு என்று பொனிஃபாஸ் ஐயா சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஈஸ்டர் கழிந்ததும் நிச்சயம் வைக்கலாம் என்பது பெரியவர்கள் பேச்சு. ஆனால் பாத்திரம் எடுத்துவைக்க சமையலறைக்கு வந்த மர்சலின் அம்மாவிடம் மெதுவாக ஒன்று கேட்டாள், ஆன்ட்டி, அவர் அங்கேயே இருக்கப் போறாரா, திரும்பி வரப் போறாரா, எனக்கு என் வேலையை விட மனசில்லை என்று. அம்மா மழுப்பவில்லை, அது அவன் வாயால் நீ கேட்க வேண்டிய பதில், எழுதச் சொல்கிறேன் என்றாள். அவளுடைய முகவரி இந்தக் கடிதத்தோடு தனித்தாளில் இருக்கிறது. எங்களுக்கு எழுதும் முன் அவளுக்கு எழுது, உண்மையை எழுது, இரண்டு வருஷமா, மூன்று வருஷமா, வரவே மாட்டாயா, எதுவானாலும் அவள் கேட்கத் தயாராக இருக்கிறாள், அவள் பதிலும் அதைப் பொறுத்துத்தான். எனக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது, இதை அம்மா எழுதச் சொல்லவில்லை.

மாதாவின் மேலாடை உன்னை மூடிக் காக்கட்டும், உன் கைவேலை செழிக்கட்டும் என்று அப்பாவும் அம்மாவும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறார்கள். தபால் போக எட்டு நாள் ஆகிறது, ஆகையால் இதைப் படித்த அன்றே பேனாவை எடு.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
இடது கையால் கையெழுத்திடும் அப்பா இக்னேஷியஸ்,
இவர்களுக்காக எழுதிய தங்கை ஜொவிட்டா