முழுக்கை ரவிக்கை

அன்புள்ள மகளுக்கு,

உன் வலிப்புக்கு இரண்டாவது மாத்திரை சேர்த்தபோது டாக்டர் சுலோசனா என்னிடம்தான் சொன்னார்: "பழைய மாத்திரையோட இதையும் சேக்குறதால மெதுவாத்தான் ஏத்தணும்மா. உடம்புல தடிப்பு வந்தா உடனே நிறுத்திட்டு ஓடி வாங்க."

நிச்சயதார்த்தத்தன்று காலையில் உன் கைகளெல்லாம் சிவப்புத் தடிப்பு. "அம்மா, டாக்டருக்கு போன் போடவா?" என்றாய். மாப்பிள்ளை வீட்டார் ஹாசனிலிருந்து புறப்பட்டுவிட்டிருந்தார்கள். உனக்கு வலிப்பு இருப்பதை அவர்களிடம் நாங்கள் சொல்லவில்லை.

"முழுக்கை ரவிக்கை போட்டுக்கோடி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். விருந்தினர் கிளம்பும்வரை, மூன்று நாள், அந்தப் புது மாத்திரையையும் நிறுத்தாமல் நானே கொடுத்தேன்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அந்த மாத்திரையின் ஒவ்வாமை தோலை உரித்து உன் கண்களுக்குள்ளும் இறங்கியிருந்தது. தோல் ஆறிவிட்டது. பார்வை திரும்பவில்லை.

இதை உனக்கு வாசிக்கப்போவது மாப்பிள்ளை சுமந்த்தான். யாரிடம் மறைத்தேனோ, அவர்தான் உன்னைக் கட்டிக்கொண்டு, இன்று உனக்கு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துத் தருகிறார்.

நான் வரலாமா என்று அவரிடமே சொல்லி அனுப்பு.

இன்னும்,
உன் அம்மா